மலைச்சாலைக்கு முன் வீட்டு முற்றத்தில்

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு சென்று, போடிமெட்டில் இறங்கிப் போடிநாயக்கனூரை அடையும் பயணம் கேரள, தமிழக எல்லையை மூன்று முறை கடக்கிறது. கடல்மட்டத்திற்கு 100 மீட்டர்கூட உயராத சமவெளியில் தொடங்கும் வண்டி, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தைத் தொட்டு மீள்கிறது. நெடும்பயண மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் நம்மில் பலர் இப்பயணத்திற்கு வண்டியைப் பல வாரங்கள் முன்னதாகவே அலங்கரிக்கத் தொடங்குகிறோம். பெட்டிகளும் விளக்குகளும் வாங்கி முடித்த பின்னரே பிரேக்கின் நினைவு வருகிறது.

ஒரு முறை நாம் அப்படித்தான் புறப்பட்டோம். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைக் கடந்தபோது, பின் பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கியது. வண்டியை ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்ட பின்னரே பிடிப்பு மீண்டது. பிரேக் ஆயில் மாற்றி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வண்டி, இருவர், மூட்டை எல்லாம் சேர்ந்து 350 கிலோ எனக் கொள்வோம். அந்த எடை 1,000 மீட்டர் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல் பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியை எஞ்சினும் எதிர்க்காற்றும் ஏற்கின்றன. மீதி முழுவதும் இரண்டு டிஸ்க்குகளின் மேல் விழுகிறது. பெரும்பாலான வண்டிகளில் ஊற்றப்படும் டாட் 4 வகை ஆயிலின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரமேறிய ஆயிலுக்குத் தரநிர்ணயம் கோருவது 155 பாகை மட்டுமே. ஆயில் கொதித்துக் குமிழியானால், மிதிக்கும் விசை குமிழியை நசுக்குவதிலேயே செலவாகிவிடும், டிஸ்க்கைச் சென்றடையாது. எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை ஆயிலை மாற்றுதல் வேண்டும். இதனை வீட்டிலேயே செய்யலாம் எனப் பலரும் கூறுவர். ஏபிஎஸ் உள்ள வண்டியாயின் பணிமனையிடம் விடுவதே நன்று என்பது நம் கருத்து. உள்ளே காற்று புகுந்துவிட்டால் வெளியேற்றுவது எளிதன்று. பேட் தேய்மானத்தை டார்ச் விளக்கொளியில் நாமே பார்த்துக்கொள்ளலாம். இறக்கத்தில் இரண்டாம் கியரில் வந்தால் பிரேக்கிற்குப் பாதி ஓய்வு.

வீட்டு வேலையில் முதலிடம் செயினுக்கு. நடு ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுழற்றியவாறு மண்ணெண்ணெய் நனைத்த பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, பின்னர் எண்ணெய் இடவேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டுத் துடைப்பவர்களைக் காண்கிறோம். செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் இடையே துணி சிக்கினால் விரலும் உடன் செல்லும். 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை போதும் என்ற கணக்கு வறண்ட சாலைக்குரியது. மழை மறைவுப் பகுதியான மறையூரைத் தாண்டி மூணாற்றின் ஈரத்தில் ஒரு நாள் ஓடினால், அன்று மாலையே மீண்டும் எண்ணெய் இடுதல் நலம். செயின் தொய்வை ஒரே இடத்தில் அளந்து முடித்துவிடலாகாது. சக்கரத்தைச் சுழற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளக்கவேண்டும். இருவர் அமரும்போது டயரில் இருக்கவேண்டிய காற்றழுத்தத்தைக் கையேடு தனியாகக் குறித்திருக்கும். காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போதே அதனைப் பார்த்தல் வேண்டும்.

இனி மேம்பாட்டுக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாயில் தென்மேற்குப் பருவக்காற்று எவ்வளவு வலியது என்பதற்கு உடுமலை வழியெங்கும் நிற்கும் காற்றாலைகளே சாட்சி. உயர்த்திக் கட்டிய பெட்டி அக்காற்றில் பாய்மரமாகிவிடும். கனமான பொருள்களைத் தாழ்வாக, இரு புறமும் சமமாக ஏற்றவேண்டும். கூடுதல் விளக்குகளைப் பொறுத்தவரை, 55 வாட் பல்புகள் இரண்டு ஏறத்தாழ 9 ஆம்பியர் இழுக்கும். ரிலேயும் தனி ஃபியூஸும் இன்றிப் பழைய சுவிட்சோடு இணைத்தால் வயர் உருகும். சின்னாறு வனச்சாலையில் இரவுப் பயணத்திற்குக் கட்டுப்பாடு உண்டு என்பதையும் விளக்கு வாங்குவோர் நினைவிற்கொள்ளலாம்!

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. உற்பத்தியாளர் தந்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைத்தல் கூடாது என 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கு கேரளத்திலிருந்து சென்றதே. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. சைலன்சர் மாற்றுவோர் இதனை அறிதல் வேண்டும். அனுமதிக்கப்பட்ட துணைக்கருவிகளையும் காப்பீட்டு நிறுவனத்திடம் தெரிவித்து, கூடுதல் பிரீமியம் செலுத்திப் பாலிசியில் சேர்த்துக்கொள்ளவேண்டும். சேர்க்காத பெட்டி நொறுங்கினால் இழப்பீடு கேட்க வழியிராது. ரசீதுகளை வண்டியின் பிற ஆவணங்களோடு வைத்திருத்தல் நலம்.

இப்போது நமது வண்டியின் பெட்டிக்குள் ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. ஆயில் மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர், செயின் தொய்வு ஆகியவை அதில் வரிசையாக உள்ளன. சென்ற பயணத்தில் போடி அடிவாரத்தை அடைந்ததும் வண்டியை நிறுத்தி, பின் பிரேக் மிதியை மீண்டும் அழுத்திப் பார்த்தோம். புறப்பட்டபோது இருந்த அதே உறுதி இருந்தது. அதையும் நோட்டில் குறித்துவிட்டுத் தேநீர்க் கடைக்குள் சென்றோம்.