கம்பம் காயும் முறை

பைன் கம்பத்தை நட்டால் முதலில் இற்றுப்போவது மண்மட்டத்தை ஒட்டிய ஒரு சாண்தான். ஈரமும் காற்றும் சேருமிடம் அது.

கம்பம் நெடுநாள் நிலைக்க, மரத்தை வெட்டியதும் பட்டையை உரிக்க வேண்டும். விட்டால் அதனடியில் வண்டு குடியேறும். பிறகு தரையில் படாமல், இடையிடையே ரீப்பர் கட்டை கொடுத்து, காற்றோடும் நிழலில் அடுக்க வேண்டும். வெயிலில் போட்டால் முனைகள் முந்திக் காய்ந்து பிளக்கும். வெட்டுமுகத்தில் மெழுகு பூசுவது அதற்காகத்தான். ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் பூஞ்சை பிடிக்காது. சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் பருமனான கம்பத்துக்கு அது மாதக்கணக்கு வேலை. அவசரத்துக்குச் சூளை உண்டு. காய்ந்த மரமே பூச்சிமருந்தை ஆழமாகக் குடிக்கும்.

இதற்கு நேர்மாறு பக்காவ் எனும் கண்டல் கம்பம். பழைய கட்டடங்களின் அஸ்திவாரத்துக்கு அதை அப்படியே மண்ணில் அறைந்தார்கள். நிலத்தடி நீரில் மூழ்கி, காற்றுப் படாமல் கிடக்கும்வரை அது அழுகுவதில்லை.