ஈஸ்ட்டின் மெல்லிய சவ்வு

மாவைப் புளிக்கச் செய்து ரொட்டியை உப்பவைக்கும் ஈஸ்ட், காளான் இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர். அதன் உடல் ஒரே உயிரணுவால் ஆயது. அதன் புறச்சுவருக்கு உள்ளே மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. ஒரு மில்லிமீட்டரை இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறின் கனங்கூட அதற்கில்லை. ஆயினும், உணவை ஏற்பதும் வேண்டாதவற்றைத் தடுப்பதும் அச்சவ்வின் வேலையே. அது இறுகினால் அதில் பதிந்துள்ள புரதங்கள் இயங்கமாட்டா. மிக இளகினாலோ உள்ளிருப்பவை கசிந்துவிடும். ஈஸ்ட் இதனை எவ்வாறு பதமாக வைத்துக்கொள்கிறது?

மார்கழிப் பனியில் தேங்காய் எண்ணெய் உறைவதையும் நல்லெண்ணெய் உறையாதிருப்பதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். தேங்காய் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்களுள் பெரும்பாலானவை நேரான சங்கிலிகள். நேரான விறகுகளைப்போல நெருங்கி அடுக்கப்படுவன. நல்லெண்ணெயில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை வளைந்தவை. கோணல் விறகை நெருக்கி அடுக்க இயலுமோ?

ஈஸ்ட்டும் இவ்வுண்மையையே பயன்படுத்துகிறது. அது கரியணுக்களை இரண்டிரண்டாகக் கோத்துச் சங்கிலியை நீட்டும். பெரும்பாலும் 16 அல்லது 18 அணுக்கள் சேர்ந்ததும் நிறுத்திவிடும். தொடக்கத்தில் இச்சங்கிலிகள் யாவும் நேரானவையே. பின்னர் ஒரு நொதி, 9ஆம் 10ஆம் கரியணுக்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பை உண்டாக்கும். அவ்விடத்தில் சங்கிலி வளைந்துவிடும். குளிர் மிகுந்தால் ஈஸ்ட் இந்நொதியை மிகுதியாக ஆக்கிக்கொள்கிறது.

சங்கிலிகளை அமைக்கும் முறையும் நேர்த்தியானது. கிளிசரினுக்கு மூன்று கைகள் இருப்பதாகக் கொள்வோம். ஓரக் கை ஒன்று பாஸ்பேட்டைப் பற்றியிருக்கும்; நடுக் கையில் பெரும்பாலும் வளைந்த சங்கிலி அமையும்; நேரான சங்கிலிக்கு உரிய இடம் மற்றோர் ஓரக் கை. இத்தகைய மூலக்கூறுகள், தம் வால்கள் ஒன்றையொன்று நோக்க, இரு வரிசையாக நின்று சவ்வாகின்றன.

இங்கே ஒரு வியப்பு உண்டு. நொதித்தலைக் ‘காற்றில்லா வாழ்வு’ என்றார் பாஸ்டர். ஈஸ்ட் காற்றின்றியே சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறவல்லது. ஆனால் சங்கிலியை வளைக்கும் நொதிக்கோ பிராணவாயு இன்றியமையாதது! சவ்வுக்கு உறுதியளிக்கும் எர்கோஸ்டீரால் என்னும் பொருளை ஆக்கவும் அவ்வாயு வேண்டும். ஆண்ட்ரியாசென், ஸ்டியர் என்னும் அறிஞர் இருவர் 1953, 1954ஆம் ஆண்டுகளில் இதனைத் தெளிவாக்கினர். பிராணவாயுவை அறவே நீக்கியபோது ஈஸ்ட்டின் வளர்ச்சி குன்றியது. எர்கோஸ்டீராலையும் வளைந்த கொழுப்பு அமிலத்தையும் ஊட்டியதும் அது மீண்டும் வளர்ந்தது.

ஆதலால், பார்லிச் சாற்றைப் புளிக்கவைக்கும் ஆலைகளில் ஈஸ்ட்டை இடும் வேளையில் சாற்றினுள் காற்றைச் செலுத்துகின்றனர். சில மணி நேரத்தில் ஈஸ்ட் அக்காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு, பின்வரும் தலைமுறைகளுக்கும் போதுமான சவ்வுப் பொருள்களைச் சேமித்துக்கொள்கிறது.