ஆங்கிலத்தோடு பழகலாம் – 7: பதினெட்டு வினைகள் போதுமா?

‘ரன்’ என்ற ஒரே வினைக்கு ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதிக்காரர்கள் 645 பொருள்களைப் பிரித்து வைத்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். படித்து மலைத்துப் போனவர்களுக்காக இந்த வாரம் ஓர் ஆசைக்காரரை அழைத்து வருகிறேன். வினைகளையே குறைத்துவிட்டால் தொல்லை ஒழியும் என்று நம்பியவர் அவர்.

கேம்பிரிட்ஜில் படித்த சி.கே. ஆக்டன் 1930-ல் ‘பேசிக் இங்கிலீஷ்’ என்ற திட்டத்தை வெளியிட்டார். மொத்தமே 850 சொற்கள். அதில் வினைகள் 18 மட்டும். கெட், கிவ், கோ, புட், டேக், மேக், கீப், லெட் என்று குழந்தைக்கும் தெரிந்தவை. இந்தத் திட்டத்தின் மீது சர்ச்சிலுக்கு அப்படியொரு பிடிப்பு. 1943-ல் ஹார்வர்டில் பேசும்போதே பரிந்துரைத்தார். ரூஸ்வெல்ட்டுக்குக் கிண்டல். இரத்தமும் உழைப்பும் கண்ணீரும் வியர்வையும்தான் தர முடியும் என்று 1940-ல் முழங்கிய சர்ச்சில், பேசிக்கில் பேசியிருந்தால் ‘கண் தண்ணீர், முகத் தண்ணீர்’ என்றல்லவா சொல்லியிருப்பார் என்று கேட்டார். (கண்ணின் நீரைக் கண்ணீர் என்றே சொல்லிப் பழகிய நமக்கு இதில் பாதி நகைச்சுவை போய்விடுகிறது.)

ஆக்டன் நீக்கிய வினைகளின் வேலையை யார் பார்ப்பது? எஞ்சிய பதினெட்டும்தான். ‘என்டர்’ வேண்டாம், ‘கோ இன்’ போதும். ‘சரண்டர்’ வேண்டாம், ‘கிவ் அப்’ இருக்கிறது. இதுவரை சரி. ‘டாலரேட்’ என்பதற்குப் பதில் ‘புட் அப் வித்’ என்று வரும்போதுதான் சிக்கல். புட் தெரியும், அப் தெரியும், வித் தெரியும். மூன்றையும் கூட்டிப் பாருங்கள், ‘பொறுத்துக்கொள்’ என்ற பொருள் எந்த மூலையிலிருந்தும் வராது. அதைத் தனியாகத்தான் கற்க வேண்டும். சொல்லின் எண்ணிக்கை குறைந்தது, பாரம் குறையவில்லை. என்னைக் கேட்டால், ‘டாலரேட்’ கற்பதே சுலபம்.

இந்தப் பாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்தவர் ஹெரால்ட் பாமர். ஜப்பானியர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் வழிகளை டோக்கியோவில் ஆராய்ந்துகொண்டிருந்த அவர், 1933-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். எந்தச் சொல் எந்தச் சொல்லோடு சேர்ந்தே வரும் என்பதுதான் அதன் விஷயம். அவருடன் வேலை பார்த்த ஹார்ன்பி தொகுத்த அகராதிதான், பின்னாளில் நம் மாணவர்கள் கையில் புழங்கிய ஆக்ஸ்ஃபோர்டின் ‘அட்வான்ஸ்ட் லேர்னர்ஸ்’.

சேர்க்கைக்குக் காரணம் கேட்டால் பதில் கிடைக்காது. குறட்டையையும் கொட்டாவியையும் நாம் ஏன் ‘விடுகிறோம்’? குட்டிக்கரணம் ஏன் ‘அடிக்கிறோம்’? கையெழுத்தையும் சண்டையையும் காபியையும் ஏன் ‘போடுகிறோம்’? இலக்கணத்தில் தேடிக் கற்றவர் யாருமில்லை. ஆனால் ஆங்கிலத்துக்குப் போகும்போது தமிழ் வினையையும் கூடவே கூட்டிச் சென்றுவிடுகிறோம். கனவு ‘கண்டோம்’ என்பதால் ‘சா எ ட்ரீம்’. அங்கே ‘ஹேட் எ ட்ரீம்’. மாத்திரை ‘சாப்பிட்டேன்’ என்பதால் ‘ஈட்’; அங்கே ‘டேக்’.

ஆகவே ‘டேக்’ என்ற வினைக்கு எத்தனை பொருள் என்று பட்டியல் போட்டுப் படிப்பது வீண் வேலை. பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள்; எந்த வினை வேண்டும் என்று அதுதான் முடிவு செய்கிறது. அகராதியில் ‘டிசிஷன்’ என்ற இடத்தைத் திறந்தால் ‘மேக்’ அங்கேயே நிற்கும். பிரிட்டிஷ்காரர்கள் ‘டேக் எ டிசிஷன்’ என்றும் சொல்வதுண்டு.

வேலை என்றால் ‘டூ’, உருவாக்கம் என்றால் ‘மேக்’ என்று வகுப்பில் ஒரு சூத்திரம் சொல்வார்கள். ‘டூ ஹோம்வொர்க்’, ‘மேக் எ கேக்’ வரைக்கும் அது கைகொடுக்கும். ‘மேக் தி பெட்’ வந்ததும் கவிழ்ந்துவிடும். அங்கே யாரும் கட்டில் செய்வதில்லை, போர்வையை உதறி விரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

பரீட்சை விஷயத்தில் மட்டும் நாம் ரொம்பக் கூச வேண்டியதில்லை. பரீட்சை ‘எழுதி’ப் பழகிய நாம் ‘ரைட் அன் எக்ஸாம்’ என்கிறோம். லண்டனில் ‘டேக்’ அல்லது ‘சிட்’ என்றுதான் சொல்வார்கள். அங்கே நம் பிரயோகம் விநோதமாக ஒலிக்கும். ஆனால் கனடாவில் மாணவர்கள் சாதாரணமாக எக்ஸாம் ‘ரைட்’ பண்ணுகிறார்கள்.

(அடுத்த வாரம்: ‘கெட்’)