பழவேற்காட்டுக் குடிகள் நிலக்கணக்கைத் தாமே பார்த்தறியும் விதம்

பொன்னேரித் தாலூகாவில் பழவேற்காடு ஏரியை அடுத்த குப்பங்களில் மீன்பிடிக்கும் உரிமை ‘பாடு’ என்னும் ஊர்க்கட்டுப்பாட்டினால் நடந்து வருகிறது. எந்நாளில் எவர் எவ்விடத்தில் வலை இடுவது என்பதை ஊராரே முறைவைத்துத் தீர்மானிக்கிறார்கள். அது எந்தப் பட்டாவிலும் ஏறியதில்லை. ஏரியில் நன்றாக நடக்கும் இவ்வழக்கம் கரைமீதுள்ள மனைக்கும் கொல்லைக்கும் சவுக்குத் தோப்புக்கும் சிறிதும் உதவாது. அங்கே பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பாட்டன் பெயரிலேயே பட்டா கிடக்குமாயின், பேரன் வீடு கட்டப் பாங்கில் கடன் கேட்கும்போதும், நிலம் பொதுக் காரியத்துக்கு எடுக்கப்பட்டு நஷ்டஈடு வழங்கப்படும்போதும், புயலில் வீடிழந்தோருக்கு உதவி அளிக்கும்போதும் அவன் வெறுங்கையனாய் நிற்க நேரிடும்.

முற்காலத்தில் இக்கணக்குகள் யாவும் கர்ணத்தின் வீட்டுப் பெட்டியில் இருந்தன. அவர் காட்டினாலன்றி குடிகள் அறிய வழியில்லை. பரம்பரைக் கிராம உத்தியோகங்கள் 1980-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டுக் கிராம நிர்வாக அலுவலர்கள் ஏற்பட்டனர். பின்னர் கணக்குகள் கணினியில் ஏற்றப்பட்டு, இப்போது வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டா, சிட்டா, ஏ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். கைபேசி ஒன்றே போதும். அது கைவராதவர்கள் அருகிலுள்ள இ-சேவை மையத்துக்குச் செல்லலாம். ஆனால் புல எண்ணையும் பழைய பத்திரத்தையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும், வெறும் ஊர்ப்பெயரைச் சொன்னால் பயனில்லை.

ஊர்ப்பெயரில்தான் பலரும் முதலில் இடறுகிறார்கள். இணையதளம் மாவட்டம், வட்டம், கிராமம் என்று வரிசையாகக் கேட்கும். கிராமம் என்று அங்கே குறிக்கப்படுவது வருவாய்க் கிராமமேயன்றிக் குப்பம் அன்று. ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் பல குப்பங்கள் அடங்கியிருக்கக்கூடும். தம் குப்பத்தின் பெயரைப் பட்டியலில் தேடிக் காணாமல், ‘எங்கள் ஊருக்குக் கணக்கே இல்லை’ என்று திரும்புவோர் உண்டு. வருவாய்க் கிராமத்தின் பெயர் பத்திரத்தின் சொத்து விவரத்தில் எழுதப்பட்டிருக்கும். பழைய தஸ்தாவேஜுகளில் செங்கல்பட்டு ஜில்லா என்றிருப்பதைக் கண்டு மயங்க வேண்டாம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்தான். அவ்வாறே பழைய சர்வே நம்பரும் மறு அளவையில் மாறியிருக்கலாம். பழைய எண்ணுக்கு நேரான புதிய எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டபின் இணையதளத்தில் தேடுவதே நேரம் வீணாகாத வழி.

பட்டா திரையில் தோன்றியதும் பெயரை மட்டும் பார்த்து மகிழ்ந்து மூடிவிடலாகாது. உரிமையாளர் பெயருடன் தகப்பனார் அல்லது கணவர் பெயர் சரியாக உள்ளதா, கூட்டுப் பட்டாவாயின் மற்றவர் யாவர், புல எண்ணும் உட்பிரிவும் பத்திரத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாய்ச் சரிபார்க்க வேண்டும். நிலம் புன்செய், நன்செய், மற்றவை என மூன்று பத்திகளில் பிரித்துக் காட்டப்படும். பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். நம் மக்களுக்குப் பழக்கமானதோ சென்ட். ஒரு ஏர் என்பது 2.47 சென்ட். ஆகவே 0-01.50 என்று காணப்பட்டால் அது ஒன்றரை ஏர், அதாவது 3.7 சென்ட், சுமார் 1,615 சதுர அடி. பத்திரத்தில் 5 சென்ட் என்றும் பட்டாவில் ஒன்றரை ஏர் என்றும் இருந்தால் ஒன்றேகால் சென்டுக்கு மேல் எங்கோ போயிற்று என்பது பொருள். குறிப்புரைப் பத்தியில் கடைசியாக மாற்றம் செய்த உத்தரவின் எண்ணும் தேதியும் காணப்படும். தமக்குத் தெரியாமல் அண்மைத் தேதியொன்று அங்கே இருக்குமாயின் உடனே விசாரித்தல் அவசியம்.

அச்சிட்ட பட்டாவைக் காட்டி எவரேனும் நிலம் விற்க வந்தால், அதிலுள்ள குறிப்பு எண்ணை அதே இணையதளத்தில் கொடுத்து மெய்மை அறியலாம். காகிதம் எவ்வளவு அழகாயிருப்பினும் இதைச் செய்யாமல் முன்பணம் கொடுப்பது மதியீனம்.

பிழைகள் பெரும்பாலும் 1979-இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டக் காலத்தில் நேர்ந்தவை. அப்போது ஏற்பட்ட தவறான பெயர்ப்பதிவைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலருக்கு மனுச் செய்துகொள்ள வேண்டும். மற்றபடி கிரயத்தாலோ, உடையவர் இறந்ததாலோ வரும் பெயர்மாற்றத்துக்குத் தாசில்தாரிடம் மனுச் செய்தல் போதும். அவர் உத்தரவில் குறை கண்டோர் 1983-ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டப்படி கோட்ட அதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். இறந்தவரின் வாரிசுகளில் பெண்மக்களை விட்டுவிட்டு ஆண்மக்கள் பெயருக்கு மட்டும் மாற்றக் கேட்கும் வழக்கம் இப்பகுதியில் இன்னும் ஒழியவில்லை. அது பின்னால் வழக்குக்கே வித்தாகிறது.

குப்பத்து வீடுகள் பல நத்தத்தில் உள்ளவை. நத்தக் கணக்கு வேறு பகுதியில் பார்க்கப்பட வேண்டியது. சாதாரணப் பட்டாவில் தேடினால் அகப்படாது. சர்க்கார் இலவசமாக ஒப்படை செய்த மனையாயின் அதைக் குறித்த காலம்வரை விற்கலாகாது என்னும் நிபந்தனை இருக்கும், வாங்குவோர் ஒப்படை உத்தரவைக் கேட்டுப் படித்தல் வேண்டும். புறம்போக்கு என்று வந்தால், எத்தனை ஆண்டு குடியிருந்திருப்பினும் விற்பவருக்கு விற்க ஒன்றுமில்லை.

பட்டா மட்டும் உரிமைக்கு முழுச் சாட்சியாகாது என்பதை நியாயஸ்தலங்கள் பலமுறை கூறியுள்ளன. ஆகவே பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்க விவரத்தையும் பார்க்க வேண்டும். 1975 முதற்கொண்டு பதிவான கிரயம், அடமானம், பாகப்பிரிவினை முதலியவை அங்கே காணப்படும். பார்ப்பதற்குக் கட்டணமில்லை, அதிகாரியின் ஒப்பமிட்ட சான்று வேண்டுமாயின் கட்டணம் உண்டு. எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தைத் தெரிந்தெடுப்பது என்பது பத்திரத்தின் முத்திரையிலேயே இருக்கும். உட்பிரிவு எண்ணை மட்டும் கொடுத்துத் தேடி ‘வில்லங்கமில்லை’ என்று கண்டு நிம்மதி கொள்வது போதாது. உட்பிரிவு ஆவதற்கு முந்தைய தாய் எண்ணையும் தேட வேண்டும். பதிவாகாத உயிலும் வாய்மொழி உடன்பாடும் இதில் வரமாட்டா. அவற்றை அக்கம்பக்கத்தாரிடம்தான் கேட்டறிய வேண்டும், அதற்கு எந்த இயந்திரமும் வரவில்லை.

மதிப்பைப் பொறுத்தவரையில், அதே தளத்தில் புல எண் வாரியாகவோ தெரு வாரியாகவோ வழிகாட்டி மதிப்பு வெளியிடப்பட்டுள்ளது. இது சந்தை விலையன்று. தீர்வை கணக்கிடுவதற்கான அளவுகோல். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் கூடுதல் தீர்வையுமாக 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 3 லட்ச ரூபாய் மதிப்புள்ள மனைக்கு 21,000-மும் 6,000-மும் ஆக 27,000 ரூபாய் ஆகும். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. மேற்சொன்ன மனைக்கு 3,000 ரூபாய் மிச்சம். இடைத்தரகர் சொல்லும் தொகையை இக்கணக்கோடு ஒப்பிட்டால் அவர் பையில் விழுவது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

வீட்டுவரியைக் கிராமப் பஞ்சாயத்தின் இணையதளத்தில் பார்த்துச் செலுத்தலாம். ரசீது வரி கட்டியதற்குச் சாட்சி, மனையின் உரிமைக்கன்று.

பதிவேட்டில் காணப்படாத தடைகளும் இப்பகுதியில் உள. ஓத எல்லைக்கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரையிலான கடற்கரை நிலம் கரையோர ஒழுங்குமுறை அறிவிக்கைகளுக்கு உட்பட்டது; 1991, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் அவை அடுத்தடுத்து வெளியாயின. ஏரிக்கரையும் ஓதநீர் ஏறுமிடமாதலால் விலக்கன்று. இதனோடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்டிருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டப்படி சரணாலய எல்லைக்குள் உள்ளோரின் உரிமைகளைக் கலெக்டர் விசாரித்துத் தீர்மானிக்க வேண்டும். பட்டாவில் ஒரு குறையும் காணப்படாத நிலத்தில் வீடு எழுப்பவோ இறால் பண்ணை வெட்டவோ முற்படுவோர், அந்தப் புல எண் இவ்விரு எல்லைகளுள் எதிலேனும் அகப்படுகிறதா என்று கரையோர வரைபடத்தைக் கொண்டும், வன அலுவலகத்திலும் முன்னதாக எழுத்துமூலம் கேட்டறிதல் வேண்டும். அவ்விடங்களுக்கு மனுச் செய்யும்போது பட்டா நகலையும் புலப்படத்தையும் இணைத்தால் பதில் விரைந்து வரும்.