மாலினி பொன்சேகாவின் நடிப்பாளுமை

சிங்களத் திரையுலகின் அரசி எனப் போற்றப்பட்ட மாலினி பொன்சேகா பற்றி இவ்வாரம் சில கருத்துகளைக் கூற விரும்புகிறேன். 1947 ஏப்ரில் 30ஆம் திகதி பிறந்த அவர், 2025 மே 24ஆம் திகதி காலமானார்.

தமிழ் நேயர்களிற் பலருக்கு அவர் ‘பைலட் பிரேம்நாத்’ (1978) படத்தில் சிவாஜி கணேசனின் மனைவியாக நடித்தவர், அவ்வளவுதான். இந்திய - இலங்கைக் கூட்டுத் தயாரிப்பான அந்த ஒரு படத்தைக் கொண்டு அவரை எடைபோடுவது பொருந்தாது. அதே 1978இல் தர்மசேன பத்திராஜவின் ‘பம்பரு எவித்’ படத்திலும் அவர் நடித்தார். நகரத்து இளைஞர்களின் வருகையாற் குலைந்துபோகும் மீனவக் கிராமத்தின் கதை அது. அதில் வரும் கிராமத்துப் பெண்ணைப் பார்த்தவர்கள், நாம் எதைத் தவறவிட்டோம் என்பதை உணர்வார்கள்.

மேடை நாடகத்திலிருந்து வந்த மாலினியின் முதற்படம், திஸ்ஸ லியனசூரியவின் ‘புஞ்சி பபா’ (1968). ஜனரஞ்சகப் படங்கள் பலவற்றில் நடித்துப் புகழ்பெற்றவர். ஆயினும், அவரது ஆற்றலை முழுமையாக வெளிக்கொணர்ந்தவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் என்பதே என் கணிப்பு.

1972இல் திரையிடப்பட்ட ‘நிதானய’ (புதையல்), ஜீ. பி. சேனாநாயக்கவின் கதையைத் தழுவியது. கழுத்தில் மச்சங்களுள்ள பெண்ணைப் பலியிட்டாற் புதையல் கிட்டும் என நம்பும் ஒருவன், அத்தகைய ஐரீனை மணம் புரிகிறான். காமினி பொன்சேகா கணவனாக நடிக்கிறார். அவன் உள்ளத்திலிருப்பது நமக்குத் தெரியும், ஐரீனுக்குத் தெரியாது. மாலினி அவளை அப்பாவியாக மிகைப்படுத்திக் காட்டவில்லை. கணவனிடம் மெல்ல மெல்ல அன்பு கொள்ளும் சாதாரண மனைவியாகவே நடிக்கிறார். அதனாலேயே நம் நெஞ்சு பதைக்கிறது. சிங்களச் சினிமாவின் முதல் ஐம்பதாண்டுகளின் மிகச் சிறந்த படமாக 1997இல் இது தெரிவானது.

லெனாட் வூல்ஃபின் நாவலைத் தழுவிய ‘பெத்தேகம’ (1980) படத்தில், காட்டோரக் கிராமத்து புஞ்சி மெனிகாவாக வருகிறார். அழகு நட்சத்திரம் என்ற நினைவே நமக்கு எழுவதில்லை.

‘சசர சேதனா’ (1984), ‘அஹிம்சா’ (1987), ‘ஸ்திரீ’ (1991) ஆகிய படங்களை அவரே நெறிப்படுத்தினார். தொலைக்காட்சி நாடகங்களில் நடித்ததோடு அவற்றை நெறியாள்கை செய்தும் இருக்கிறார்.

பிரசன்ன விதானகேயின் ‘ஆகாச குசும்’ (2008) படத்தில், புகழ் மங்கிய நடிகை சந்தியா ராணியாக நடித்தார். இளம் நட்சத்திரங்கள் இரகசியமாகச் சந்திப்பதற்குத் தன் வீட்டு அறையை வாடகைக்குக் கொடுத்துப் பிழைக்கும் பெண் அவள். அரசியெனப் பெயர்பெற்ற ஒருவர், அறுபது வயதைத் தாண்டிய வேளையில், இத்தகைய பாத்திரத்தைத் தயங்காது ஏற்றமை பாராட்டுக்குரியது.

சிங்களம் தெரியாதே எனத் தயங்குவோருக்கு ஒரு வார்த்தை: ‘நிதானய’ படத்தை முதலிற் பாருங்கள். மாலினியின் முகம் அதில் உங்களுக்குப் பெரும்பகுதியை விளக்கிவிடும்.