தெற்கே ஒரு வீடு – 3: விதைக்கும் அனுமதி வேண்டும்

நியூசிலாந்தின் ஆக்லாந்து விமான நிலையத்தில் எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தவர் எல்லோரையும் சட்டென்று அனுப்பிவிட்டார். பெட்டிகளைத்தான் விடவில்லை. உணவு, செடி, விதை, மண் ஒட்டிய செருப்பு எதுவானாலும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்; மறைத்து மாட்டினால் அந்த இடத்திலேயே 400 டாலர் அபராதம். நாங்கள் ஒன்று விடாமல் எழுதியிருந்தோம். கையுறை மாட்டிய பெண் அதிகாரி ஒருவர் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்தார். சாம்பார்ப் பொடியும் அப்பளமும் தப்பின. ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை, மலைத்தேன், அம்மா காகிதத்தில் மடித்து வைத்திருந்த கத்தரி விதை, கீரை விதை எல்லாம் தொட்டிக்குள் போயின.

"ஏண்டா, கறிவேப்பிலைக்குமா பயப்படுறாங்க?" என்றார் அம்மா. என் ஷூவின் அடியில் புதுக்கோட்டைச் செம்மண் கொஞ்சம் ஒட்டியிருந்தது. ஷூவை வாங்கிப் போய், கழுவி, ஈரத்தோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

எனக்கும் கோபம்தான். காரணம் தெரிந்த பிறகு அந்தக் கோபம் மரியாதையாக மாறிவிட்டது.

மனிதர் வருவதற்கு முன் நியூசிலாந்தின் தரையில் வௌவாலைத் தவிர வேறு பாலூட்டி கிடையாது. பூனை, நரி, கீரி எதுவும் இல்லாத காட்டில் பறவைகளுக்குப் பயம் என்பதே தேவைப்படவில்லை. பல பறவைகள் பறப்பதையே விட்டுவிட்டுத் தரையில் கூடு கட்டின. சுமார் 700 ஆண்டுகளுக்கு முன் மாவோரிகளின் முன்னோர் படகில் வந்தபோது எலியும் வந்தது. பிறகு ஐரோப்பியர் முயலைக் கொண்டு வந்தார்கள். முயல் பெருகிப் புல்லை அழித்ததும் அதைப் பிடிக்க 1880-களில் கீரி போன்ற ஸ்டோட்டை இறக்கினார்கள். அதற்கு முயலைவிட முட்டையும் குஞ்சும் சுலபமாகக் கிடைத்தன. ஹுயா என்ற அழகான பறவையை உறுதியாகக் கடைசியாகப் பார்த்தது 1907-ல். இப்படி இழந்த ஒரு நாடு விதைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பதில் என்ன தவறு?

நாங்கள் குடியேறிய வெலிங்டனில் எங்களுக்குக் கிடைத்தது குன்றுச் சரிவில் ஒரு மரவீடு. காற்று அடித்தால் வீடே முனகும். டிசம்பரில் கோடை, இரவு எட்டரைக்கும் வெயில். நண்பகல் சூரியன் வடக்கே நிற்கிறது என்பதை அம்மாவால் ஏற்கவே முடியவில்லை.

முதல் ஞாயிறு, கரோரிப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஸீலாண்டியா சரணாலயத்துக்குப் போனோம். பழைய குடிநீர் அணைக்கட்டுப் பகுதி அது. 225 ஹெக்டேரைச் சுற்றி 8.6 கிலோமீட்டர் வேலி. 1999-ல் கட்டி முடித்தது. எலி நுழையாதபடி கண்ணி நெருக்கமாக, பூனை ஏறித் தாண்டாதபடி மேலே வளைவாக, குடைந்து வராதபடி மண்ணுக்குள்ளும் நீட்டி அமைத்திருக்கிறார்கள். உள்ளே விடும் முன் பைக்குள் சுண்டெலி இருக்கிறதா பாருங்கள் என்றார்கள். மகள் நிஜமாகவே தன் பையைக் கவிழ்த்துக் கொட்டிப் பார்த்தாள்.

உள்ளே டீயெக்கே என்ற பறவையைக் கண்டோம். கறுப்பு உடம்பு, முதுகில் செங்காவிப் பட்டை. வடக்குத் தீவில் எங்கும் அழிந்து, ஒரே ஒரு சின்னத் தீவில் மட்டும் மிஞ்சியிருந்த இனம் அது. எங்கள் காலுக்கு அருகில் வந்து சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. அம்மா அதையே பார்த்தபடி நெடுநேரம் நின்றார். கறிவேப்பிலையைப் பற்றி அதன்பின் பேசவில்லை.

ஆனால் எலிப்பொறி விஷயம் வேறு. எலி, ஸ்டோட், போசம் என்ற இன்னொரு விலங்கு ஆகிய மூன்றையும் 2050-க்குள் நாட்டிலிருந்தே ஒழிப்பது என்று 2016-ல் அரசு இலக்கு வைத்தது. அதற்காகத் தெருத்தெருவாகத் தொண்டர்கள் கொல்லைகளில் பொறி வைக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர், வேர்க்கடலை வெண்ணெய் தடவிய மரப்பெட்டி ஒன்றை எங்களுக்கும் கொண்டுவந்தார்.

"பிள்ளையார் வாகனத்தைக் கொல்றதுக்கு நம்ம வீட்லயா இடம் கேக்குறாங்க?" என்றார் அம்மா.

"அப்போ குஞ்சுங்க சாகலாமா பாட்டி?" என்றாள் மகள்.

இரண்டு பேர் பக்கமும் எனக்கு நியாயம் தெரிந்தது. எலி தானாக நீந்தி வரவில்லை, மனிதர்தான் கொண்டு வந்தார்கள். அதற்கான பொறுப்பும் மனிதருடையதுதான் என்று நான் நினைக்கிறேன். அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவர் ஒப்பவில்லை. பொறி இப்போது பெரியவர் கொல்லையில், எங்கள் வேலியை ஒட்டி இருக்கிறது. மகள் பள்ளி விட்டதும் முதலில் அங்கேதான் ஓடுகிறாள்.

(தொடரும்)