தண்டனை குறைந்தது, குற்றம் குறைந்ததா?

அடிதடி வழக்கில் மூன்று வருஷ ஜெயில், அப்பீலில் ஆறு மாதமாகக் குறைப்பு என்பது போன்ற நாலு வரிச் செய்திகள் பத்திரிகையின் உள்பக்கத்தில் அவ்வப்போது வருகின்றன. படித்ததும் வீட்டில் என்ன பேச்சு நடக்கும்? “எல்லாம் பணம் செய்கிற வேலை” என்பார் தாத்தா. “அப்படியானால் அவன் அடிக்கவே இல்லை என்று ஜட்ஜ் சொல்லிவிட்டாரா?” என்று கேட்பாள் மருமகள். தாத்தா கட்சியை ஒதுக்கி வைப்போம். மருமகள் கேட்டாளே, அதுதான் கேள்வி!

இல்லை, அம்மணி. அடித்தானா என்பது ஒரு விசாரணை. அடித்ததற்கு எத்தனை காலம் உள்ளே இருக்க வேண்டும் என்பது வேறொரு விசாரணை. இரண்டாவதில் ஜெயித்தவன் முதலாவதில் ஜெயித்தவன் ஆகமாட்டான்.

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். தியாகராய நகர் ஆற்காடு தெருவில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தைப் பார்த்திருப்பீர்கள். அவர் குடியிருந்தது பரங்கிமலைப் பக்கத்து ராமாவரம் தோட்டத்தில். அங்கேதான் 1967 ஜனவரி 12-ம் தேதி மாலை நடிகர் எம்.ஆர். ராதா அவரைச் சுட்டார், தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவரும் பிழைத்தது பெரிய காரியம். கொலை முயற்சி வழக்கு செங்கற்பட்டு ஸெஷன்ஸ் கோர்ட்டில் நடந்து, ராதாவுக்கு ஏழு வருஷக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அப்போது அவருக்கு அறுபது வயது. வழக்கு ஸுப்ரீம் கோர்ட் வரை போய்த் தண்டனை குறைந்தது. 1971 ஏப்ரலில் வெளியே வந்து, மறுபடியும் நாடகம், சினிமா என்று நடித்தார். ஆனால் அவர் சுட்டார் என்ற தீர்ப்பு மட்டும் அசையவே இல்லை. எம்.ஜி.ஆரின் குரலும் பழைய குரலாகத் திரும்பவில்லை. ‘காவல்காரன்’ படத்தைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

அது துப்பாக்கி விவகாரம். கையால், கம்பால் நடக்கிற சாதாரண அடிதடிக்கு வருவோம். இங்கே சட்டம் பார்ப்பது காயத்தின் கணக்கை. கன்னத்தில் அறைந்தால் ஒரு பிரிவு; அதே அறையில் ஒரு பல் விழுந்தால் வேறு பிரிவு! பல்லோ எலும்போ முறிந்தால் அது ‘கொடுங்காயம்’. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, சாதாரணக் காயத்துக்கு அதிகபட்சம் ஒரு வருஷம். கொடுங்காயத்துக்கு ஏழு வருஷம் வரை. கத்தி போன்ற ஆயுதத்தால் கொடுங்காயம் உண்டாக்கினால் ஆயுள் தண்டனை வரைகூடப் போகலாம். ‘வரை’ என்ற அந்தச் சின்னச் சொல்லில்தான் அப்பீல் வக்கீலின் பிழைப்பே இருக்கிறது. முதல் குற்றம், வயோதிகம், திடீர் ஆத்திரம், வழக்கு பல வருஷம் இழுத்துவிட்டது, ஏற்கெனவே ஜெயிலில் கழித்த நாட்களே போதும் என்று அவர் அடுக்குவார். இவை எல்லாமே பொய்க் காரணங்கள் என்று சொல்லிவிட முடியாது. இருபது வயதுப் பையன் ஆத்திரத்தில் செய்ததற்கு, நாற்பதாம் வயதில் அவனையும் அவன் குழந்தைகளையும் என்ன செய்வது? ஜட்ஜும் மனிதர்தானே!

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். தண்டிக்கப்பட்டவன் மட்டும் அப்பீல் செய்திருந்தால், அந்த அப்பீலில் தண்டனையைக் குறைக்கலாம், அப்படியே விடலாம், கூட்ட முடியாது. கூட்ட வேண்டுமானால் சர்க்காரும் அப்பீலுக்குப் போக வேண்டும், அல்லது ஹைக்கோர்ட் தனியாக நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும்.

ஏற்றமும் இறக்கமும் ஒரே வழக்கில் எப்படி வரும் என்பதற்குக் கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்துவின் கதையைப் பாருங்கள். 1988 டிசம்பரில் பாட்டியாலா நகரில், தெருவில் வண்டி நிறுத்தியதில் ஏற்பட்ட தகராறு. 65 வயதுப் பெரியவர் ஒருவர் அடிபட்டு இறந்தார். 1999-ல் விடுதலை. 2006-ல் ஹைக்கோர்ட் மூன்று வருஷம் போட்டது. 2018-ல் ஸுப்ரீம் கோர்ட், இது வெறும் காயம்தான் என்று சொல்லி ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு விட்டது. ஆயிரம் ரூபாய்! அந்தக் குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. மறுபரிசீலனை மனுப் போட்டார்கள். 2022 மே 19-ம் தேதி அதே ஸுப்ரீம் கோர்ட் ஒரு வருஷக் கடுங்காவல் விதித்தது. நல்ல தேகபலமுள்ள விளையாட்டு வீரனின் வெறுங்கையே ஆயுதமாகலாம் என்று கோர்ட் கருதியது. சம்பவம் நடந்து முப்பத்துமூன்று வருஷம் ஆகியிருந்தது.

எனக்கு மனசில் உறுத்துவது அடிபட்ட வீட்டின் நிலைமை. 2009 முதல் பாதிக்கப்பட்டவருக்கும் அப்பீல் உரிமை உண்டு. எதிரி விடுதலையானால் போகலாம். சின்னக் குற்றமாக மாற்றினால் போகலாம். நஷ்டஈடு போதாது என்றும் போகலாம். ஆனால், “வருஷம் குறைவு” என்று மட்டும் சொல்லி அப்பீலுக்குப் போக முடியாது. 2020-ல் ஸுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்துவிட்டது. அந்த உரிமை சர்க்காருக்குத்தான். கை ஒடிந்தவள் ஒருத்தி. “இந்தத் தண்டனை போதாது” என்று சொல்லும் உரிமை இன்னொருவருக்கு! இது சரியான ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை.

இதற்கு நடுவில் ராஜிப் பேச்சு வேறு வரும். அடித்தவன் பெரும்பாலும் சொந்தக்காரன், பக்கத்துப் போர்ஷன்காரன், சில சமயம் புருஷனே. “ஒரு கையெழுத்துப் போடேன், அவன் பிழைத்துப் போகட்டும்” என்று பெரியவர்கள் கூடத்தில் உட்கார்ந்து கேட்பார்கள். சாதாரணக் காயமானால் அந்தக் கையெழுத்தோடு வழக்கே முடிந்துவிடும். சில கொடுங்காய வழக்குகளிலும் கோர்ட் அனுமதியோடு முடியும். ராஜிக்கு இடமில்லாத பிரிவுகளில்கூட, சமாதானமாகிவிட்டார்கள் என்பது தண்டனையைக் குறைக்க ஒரு காரணமாகும். ஆகவே அந்தக் காகிதத்தின் விலை தெரியாமல் பேனாவை எடுக்காதீர்கள்.

அப்பீல் நோட்டீஸ் பற்றித் தெரியவந்தால் அரசு வக்கீலைப் போய்ப் பாருங்கள். அவருக்கு உதவியாக உங்கள் சார்பில் ஒரு வக்கீல் வைத்துக்கொள்ளக் கோர்ட்டில் அனுமதி கேட்கலாம். வருஷத்தைக் குறைப்பதானால் நஷ்டஈடாவது தரச் சொல்லுங்கள் என்று கேளுங்கள். அப்பீல் கோர்ட்டுக்கும் அந்த அதிகாரம் உண்டு. ஒவ்வொரு வழக்கிலும் நஷ்டஈட்டைப் பற்றிக் கோர்ட்டுகள் கட்டாயம் யோசிக்க வேண்டும் என்று 2013-லேயே ஸுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையே என்கிறீர்களா? இலவசச் சட்ட உதவிக்குப் பெண்களிடம் வருமானக் கணக்குக் கேட்கக் கூடாது என்பது 1987-ம் வருஷத்துச் சட்டம். லட்சாதிபதி வீட்டு மருமகளானாலும் சரி, கையில் காலணா இல்லாதவளானாலும் சரி, சட்டப்பணிகள் ஆணைக் குழுவில் விண்ணப்பிக்கலாம். போகும்போது தீர்ப்பின் நகலையும், அடிபட்ட அன்று ஆஸ்பத்திரியில் கொடுத்த காயச் சான்றையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.